நாலு வீட்டுக்கு ஒரே செப்டிக் டேங்க்: இடித்துக் கட்டணுமா?

கேள்வி:
கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். பங்காளி வீடுகள் நாலுக்கும் ஒரே தொட்டி, 1996-இல் அப்பா கட்டியது. ஐப்பசி மழையிலிருந்து மூடி ஓரமாகக் கழிவுநீர் பொங்கி வாழைக்குள் ஓடுகிறது. லாரி வைத்து இரண்டு முறை எடுத்தோம். பத்தே நாளில் மறுபடி பொங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் நடுச்சுவர் இடிந்து கிடக்கிறது. தொட்டித் தண்ணீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழியிலிருந்து முப்பது அடியில் கிணறு. அம்மா அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, முதலில் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்துங்கள், பரிசோதனைக்குக் கொடுங்கள். தொட்டி எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். வெளியே போகும் வழி அடைபட்டதுதான் சிக்கல். நடுச்சுவர் போனதால் சகதி நேராக உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணை அடைத்திருக்கும். தொட்டியை மட்டும் மாற்றினால் பணம் வீண்.

பதில் 2:
நான் கட்டட மேஸ்திரி. புதிய உறிஞ்சுகுழியைக் கிணற்றுக்குக் குறைந்தது 60 அடி தள்ளி, பள்ளமான பக்கம் தோண்டுங்கள். தொட்டியில் முதல் அறை மொத்த நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கட்டும். உள்ளே வரும் குழாய்க்கும் வெளியே போகும் குழாய்க்கும் டி (T) வடிவ இணைப்புக் குழாய் போடுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: பழைய தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். விஷவாயு ஒரு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றமும்கூட.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பள்ளமான பக்கம் சித்தப்பா நிலம். இன்று ராத்திரியே போய்ப் பேசுகிறேன்.