கேட்காமல் காரை எடுத்துப் போன ரூம்மேட்

சத்துவாச்சாரியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஊருக்கு ரயிலில் போயிருந்த நேரம் பார்த்து, ரூம்மேட் அலமாரியிலிருந்து சாவியை எடுத்து என் காரில் ஏலகிரி போயிருக்கிறான். கொண்டை ஊசி வளைவில் இடித்து இடது கதவு நசுங்கிவிட்டது. அவனுக்கு லைசென்ஸும் கிடையாது. "ஃப்ரெண்டு தானடா" என்கிறான். அப்பா கடன் வாங்கிக் கொடுத்த வண்டி, மனசே ஆறவில்லை. இது திருட்டாகுமா?

பதில்: தம்பி, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 197 பாருங்க. சம்மதம் இல்லாம ஓட்டிட்டுப் போனா 3 மாசம் வரை சிறை, இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். 'கேட்டிருந்தா கொடுத்திருப்பான்னு நம்பினேன்'னு அவன் சொல்லி, கோர்ட் அதை நியாயம்னு ஏத்துக்கிட்டா தண்டனை இல்லை. முன்னாடி ஓட்டக் கொடுத்திருக்கீங்களா?

கேட்டவர்: ஒருதடவைகூட இல்லை அண்ணா. இப்போ 'நீயே கொடுத்ததா இன்ஷூரன்ஸ்ல சொல்லிடு'ன்னு கெஞ்சுறான்.

பதில்: ஐயோ, அதை மட்டும் சொல்லிடாதீங்க! லைசென்ஸ் இல்லாதவனுக்கு வண்டி கொடுத்தா பிரிவு 180 உங்க மேலதான் பாயும். பொய் க்ளெய்மும் ஆயிடும்.

இன்னொருவர்: திருப்பிக் கொண்டுவந்து விட்டதால திருட்டு இல்லன்னு சொல்ல முடியாது. நேர்மையில்லாத எண்ணம் இருந்தா, கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டுதான்னு 1957-லயே மெஹ்ரா வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ரிப்பேர் செலவைத் தர்றதா முதல்ல எழுதி வாங்குங்க. மறுத்தா ஸ்டேஷன்ல புகார் கொடுங்க.