கேரல் ரவுண்டில் பாட்டு கவிழ்ந்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

ரங்கூன் பேஸ்
போன டிசம்பர், வீடு வீடாகப் போய் கிறிஸ்துமஸ் பாட்டு பாடின ரவுண்டில் மூன்றாவது வீடு. சைலண்ட் நைட் இரண்டாம் சரணத்தில் கரண்டு போச்சு. குரல் நிற்கவில்லை, நல்லாவே போச்சு. ஜெனரேட்டர் வந்ததும்தான் கூத்து. கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) மைனஸ் 2 போட்டு, சி சுருதியில் விரல் வைத்து, இரண்டு அரைச்சுரம் கீழே பி ஃப்ளாட்டில் வாசித்துக்கொண்டிருந்தார். அணைந்து எரிந்ததும் டிரான்ஸ்போஸ் பூஜ்ஜியத்துக்குப் போய்விட்டது. பாட்டு பி ஃப்ளாட், கீபோர்டு சி. கடைசி வரிக்கு முன்னால் மேலே ஏறுகிற இடத்தில் இரண்டும் மோதின சத்தம் இன்னும் காதில் இருக்கு. அதை மழுப்ப நம்ம லீடர், "இந்தப் பாட்டை முதலில் பாடின ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் கோயிலிலும் எலி ஆர்கன் துருத்தியைக் கடித்ததால்தான் கிடாரில் பாடினார்கள்" என்று வீட்டுக்காரர்களுக்குப் பிரசங்கம் வேறு.

பழைய பாமாலை
எலிக் கதையை விடுங்கப்பா, எல்லா வருஷமும் இதே. பாதிரியார் யோசேப் மோர் 1816-லேயே மரியாப்பார் ஊரில் சைலண்ட் நைட் கவிதையை எழுதிவிட்டார். 1818 டிசம்பர் 24 அன்று அதை ஆர்கன் வாசிக்கிற க்ரூபரிடம் கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிடாருக்கும் மெட்டு கேட்டார். க்ரூபர் 1854-ல் கைப்பட எழுதிய குறிப்பில் ஆர்கன் பழுது என்ற பேச்சே கிடையாது. ஆர்கனுக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் வேறு மாதிரி: ஆர்கன் கட்டுகிற கார்ல் மவுராக்கர்தான் பாட்டை சில்லர்தால் பள்ளத்தாக்குப் பக்கம் கொண்டுபோனார். அங்கிருந்த பாட்டுக் குடும்பங்கள் ஊர் ஊராகப் பரப்பின.
இன்னொன்று, க்ரூபர் போட்டது டி மேஜர் சுருதி, 6/8 தாளம், லேசாக ஆடுகிற நடை. நாமதான் இழுத்து இழுத்து ஒப்பாரி ஆக்கிட்டோம்.

மோல்மீன் தாளம்
எனக்கு உறுத்துவது "ஹார்க் தி ஹெரால்ட்" பாட்டின் தமிழ், "கேள் ஜென்மித்த ராயர்க்கே". போன வருஷம் ஒரு கூட்டத்தில் ரிதம் பாக்ஸைத் தட்டிவிட்டு எல்லா எழுத்தையும் ஒரே அளவில் பாடினார்கள். "ஜென்மித்தா" என்றுதான் கேட்டது. அந்த மெட்டில் "மித்" ஒன்றரைத் தட்டு, "த" அரைத் தட்டு. குறில் சரியாக அரைத் தட்டில் விழும்படி மொழிபெயர்த்தவர் அழகாகப் பொருத்தியிருக்கிறார். அதை இப்படியா நசுக்குவது?
இத்தனைக்கும் மெட்டு கோயிலுக்குப் போட்டதே இல்லை. 1840-ல் அச்சுக்கலை விழாவுக்கு, அச்சு முன்னோடி கூட்டன்பர்க்கைப் புகழ்ந்து பாட இசையமைப்பாளர் மென்டல்சன் போட்டது. பக்திப் பாட்டுக்கு இது ஒத்துவராது என்று அவரே எழுதினார். 1855-ல் கம்மிங்ஸ் என்ற இசைக்கலைஞர் அந்த மெட்டை, பாட்டின் ஆங்கில மூலமான வெஸ்லியின் வரிகளோடு சேர்த்தார்.

ஸ்வீட் டிசம்பர்
பேஸ் அண்ணே, கீபோர்டைக் குறை சொல்லி என்ன பண்றது? ரங்கூனில் கரண்டு போகும்னு தெரிஞ்சதுதானே. பாமாலை ஐயா சொன்ன டி மேஜரும் ரவுண்டுக்கு ஆகாது. சைலண்ட் நைட் ஓர் எட்டுச் சுரமும் அதற்கு மேல் மூன்றும் ஓடும். டி-யில் எடுத்தால் உச்சி மேல் ஜி, பத்து வீடு பாடின தொண்டைக்கு எட்டாது. பி ஃப்ளாட்டில் உச்சி ஈ ஃப்ளாட்டோடு நின்றுவிடும். கிடாரில் கேப்போவை (கம்பிகளை அழுத்தும் கவ்வி) மூன்றாவது கட்டத்தில் மாட்டி ஜி, சி, டி7 கார்டுகளைப் பிடித்தால் அதே பி ஃப்ளாட்தான். கிடார் எப்போதும் கூட ஓடட்டும், கீபோர்டு செத்தாலும் சுருதி நிற்கும். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸை நம்பாமல் பி ஃப்ளாட்டிலேயே விரல் பழக்கிக்கொள்ளட்டும்.
ஜாய் டு தி வேர்ல்டுக்கு வேறு ஆபத்து. முதல் வரியே மேல் டி-யில் ஆரம்பித்து எட்டுச் சுரமும் இறங்கி கீழ் டி-யில் முடியும். பாடுகிற முதல் சுரத்தைத் தாழ்வாக எடுத்துவிட்டால் வரியின் கடைசியில் பாதிப் பேருக்குக் குரலே இருக்காது. ட்யூனிங் ஃபோர்க்கில் (சுருதி தரும் இரும்புக் கவை) ஏ தட்டி, அதிலிருந்து ச-வை டி-யில் பிடித்து, மேல் ச-வை ஒருத்தர் மட்டும் நீட்டிக் கொடுக்கணும். மற்றவர்கள் அதற்குப் பிறகு.
அப்புறம், ஈஸ்டரில் அதைப் பாடியதற்கு ஒரு பெரியவர் எழுந்து போனதைப் பார்த்தேன். ஐசக் வாட்ஸ் 1719-ல் 98-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதினது அது. மாட்டுத்தொழுவமும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. எந்த மாசமும் பாடலாம்.

ரங்கூன் பேஸ்
தம்பி, கிடார் வண்டியில்தான் இருந்தது. நாலாவது கம்பி இல்லை.