மெக்கென்சி கோரை இந்தக் குளிர்காலத்திலேயே (2025-26) கொடுத்துவிடலாமா?

பொடோமக் கரை

வணக்கம். வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியைத் தொடர்ந்து பார்த்துவரும் நண்பர்களின் கருத்தை அறிய இதை எழுதுகிறேன். 2025 பருவத்தை நம் அணி 66 வெற்றிகளோடும் 96 தோல்விகளோடும் முடித்துவிட்டது. ஜூலை மாதம், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த மைக் ரிஸ்ஸோவும் களத்தில் அணியை நடத்திய டேவி மார்ட்டினஸும் ஒரே நாளில் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார்கள். பாஸ்டனிலிருந்து வந்திருக்கும் பால் டோபோனி இப்போது ஆட்டக்காரர்கள் தொடர்பான முடிவுகளை எடுக்கிறார். களத்தில் அணியை நடத்தப்போகிறவர் 33 வயதான பிளேக் புட்டேரா. புதிதாக வந்தவர்கள் முதலில் முடிவு செய்யவேண்டியது இடதுகைப் பந்துவீச்சாளர் மெக்கென்சி கோரை வைத்துக்கொள்வதா, வேறு அணிக்குக் கொடுத்து இளம் ஆட்டக்காரர்களை வாங்குவதா என்பதைத்தான்.

கோருக்கு இப்போது 26 வயது. 2027 பருவம் முடியும்வரை அவர் நம் அணிக்குக் கட்டுப்பட்டவர். அதன்பின் விரும்பிய அணியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கடந்த பருவத்தின் முதல் ஆட்டத்தில், ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக, ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (அதாவது, பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார்). அன்று நான் அரங்கில் இருந்தேன். நம் ஊரில் அப்படியொரு பந்துவீச்சைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததால், பத்தாவது இன்னிங்ஸில் ஆட்டம் கைநழுவிப் போனபோதும் மனநிறைவோடுதான் வீடு திரும்பினேன். ஜூலையில், பருவ நடுவே சிறந்த ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். அந்த ஆட்டத்துக்கான இடைவேளை வரை 3.02 என்றிருந்த அவரது ஓட்டச் சராசரி (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஓட்டங்கள், குறைவாக இருந்தால் நல்லது), பிற்பாதியில் அடிவாங்கி, பருவ முடிவில் 4.17 ஆகிவிட்டது. வெற்றி 5, தோல்வி 15 என்ற கணக்கை நான் அவர்மேல் சுமத்தமாட்டேன், ஏனென்றால் அவருக்குப் பின்னால் வந்த பந்துவீச்சாளர்கள் எத்தனை முன்னிலைகளைக் கரைத்தார்கள் என்பது நாம் எல்லோரும் கண்டதுதான்.

அவரை வைத்துக்கொள்ளவேண்டும் என்பதே என் எண்ணம். இவரையும் கொடுத்துவிட்டால் ஐந்து நாட்களுக்கு ஒரு முறை அவர் வீசும் நாளிலாவது நம்பிக்கையோடு அரங்குக்குப் போக ஒரு காரணம் மிஞ்சுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இடக்கை விசிறி

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் இந்தக் குளிர்காலத்திலேயே அவரைக் கொடுத்துவிடவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஓர் ஆட்டக்காரரின் சந்தை மதிப்பு அவருடைய திறமையால் மட்டும் அமைவதில்லை. அவர் அந்த அணியில் இன்னும் எத்தனை பருவம் கட்டுப்பட்டிருக்கிறார் என்பதும் அதில் சேரும். 2022 ஆகஸ்ட் 2 அன்று ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்குக் கொடுத்தபோது, அவரிடம் ஏறத்தாழ இரண்டரைப் பருவம் மீதமிருந்தது. 15 ஆண்டுகளுக்கு 440 மில்லியன் டாலர் என்ற நம் அணியின் அழைப்பை அவர் மறுத்துவிட்டார் என்பது ஊரறிந்த செய்தியாகியிருந்தும், அவரோடு ஜாஷ் பெல்லையும் சேர்த்துக் கொடுத்ததற்கு சி.ஜே. ஆப்ராம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாசல், ஜார்லின் சுசானா, லூக் வாய்ட் என்று ஆறு பேர் கிடைத்தார்கள். பிரைஸ் ஹார்ப்பரை 2018 முடியும்வரை வைத்திருந்தோம். அவர் 13 ஆண்டுகளுக்கு 330 மில்லியன் டாலர் பேசி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது நமக்கு மிஞ்சியது டிராஃப்டில், அதாவது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், இழப்பீடாக ஒரு வாய்ப்பு மட்டும். கோரிடம் இன்று இரண்டு முழுப் பருவங்கள் இருக்கின்றன. அடுத்த ஜூலையில் அது ஒன்றரையாகும், அதற்கடுத்த குளிர்காலத்தில் ஒன்றாகும். நாள் தள்ளத் தள்ள விலை இறங்கும்.

பந்துவீச்சாளர்களின் முழங்கையையும் தோளையும் நம்பி நாம் பட்டது போதாதா? பருவத்தின் இறுதிக் கோப்பையான உலகத் தொடரை வென்ற கையோடு, 2019 டிசம்பரில், ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு ஆண்டுகளுக்கு 245 மில்லியன் டாலர் கொடுத்தோம். அதன்பின் அவரால் எட்டு ஆட்டங்களில்தான் வீசமுடிந்தது. கேட் கவாலி முழங்கை அறுவை சிகிச்சைக்குப்பின் களம் திரும்ப இரண்டு ஆண்டுகளுக்கு மேலானது. ஜோசையா கிரே 2024-இல் அதே சிகிச்சைக்குப் போனார், டிராவிஸ் சிக்கோரா இந்த ஆண்டு போனார். கோரும்கூட சான் டியேகோவிலிருந்து வந்த நாளில் முழங்கை வீக்கத்தோடுதான் வந்தார் என்பதை மறக்கவேண்டாம். 2027-க்குள் இந்த அணி பிளேஆஃப் (பருவ இறுதியில் கோப்பைக்கான சுற்று) போகும் என்று நம்புகிறவர்கள் அவரை வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கிளை அணிப் பார்வையாளர்

நண்பர் சொன்ன கணக்கு தவறில்லை. ஆனால் அது கொடுக்கும் பக்கத்தை மட்டும் பார்க்கும் கணக்கு. வாங்கும் இளைஞர்களை யார் வளர்க்கப்போகிறார்கள் என்று கேட்டுப்பார்த்தால் எனக்குத் தயக்கம் வருகிறது.

2021 ஜூலையில் மேக்ஸ் ஷெர்சரையும் ட்ரே டர்னரையும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து நால்வரை வாங்கினோம். அவர்களில் கிரே ஒரு முறை ஆல்-ஸ்டார் ஆனார், பிறகு காயத்தில் விழுந்தார். கேட்சர் கெய்பர்ட் ரூயிஸுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 50 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. அவரது மட்டை எதிர்பார்த்த அளவு எழவில்லை, இந்த ஆண்டு தலையில் பட்ட அடியால் பருவத்தின் பெரும்பகுதியும் போயிற்று. மற்ற இருவரும் மேல்நிலை அணியில் நிலைக்கவே இல்லை. அன்று அந்தப் பேரத்தைக் குறைசொன்னவர்கள் மிகச் சிலர், நானும் பாராட்டியவன்தான்.

டிராஃப்டிலும் இதே கதை தொடர்கிறது. 2022-இல் ஐந்தாவது தேர்வாக எடுத்த எலைஜா கிரீன், இளைஞர்கள் பழகும் கீழ்நிலைக் கிளை அணிகளிலேயே ஸ்ட்ரைக் அவுட்களில் சிக்கித் தவிக்கிறார். 2023-இல் பால் ஸ்கீன்ஸுக்கு அடுத்து, இரண்டாவது தேர்வாக வந்த டிலன் க்ரூஸ் கல்லூரி ஆட்டத்தின் தலைசிறந்த மட்டையாளர்களில் ஒருவர். அவருடைய 2025 மட்டைச் சராசரி (ஹிட் அடித்த விகிதம்) வெறும் 0.208. காயமும் ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். ஆனால் வருகிற ஒவ்வொருவரும் எதிர்பார்ப்புக்குக் கீழேயே நின்றுவிட்டால், தேர்ந்தெடுத்தவரை மட்டும் கேள்வி கேட்பது போதாது. பயிற்சி முறை, கருவிகள், ஆட்டத்தரவுகளைப் படித்துச் சொல்லும் ஆட்கள் எல்லாவற்றிலும் மற்ற அணிகளைவிடப் பின்தங்கிவிட்டோம் என்ற குறை நெடுநாளாக இருக்கிறது. மேல்நிலை அணியின் பந்துவீச்சு இந்த ஆண்டு கொலராடோவுக்கு அடுத்தபடியாக லீக்கிலேயே மோசமானது என்பதும் அதே குறையின் விளைவு என்றே நினைக்கிறேன். உரமில்லாத மண்ணில் இன்னும் ஐந்து நாற்றுகளை நட்டால் மட்டும் என்ன விளைந்துவிடும்?

டோபோனி பாஸ்டனில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் வேலையிலிருந்து வந்தவர். அவருக்கு ஓர் ஆண்டு கொடுப்போம். கோரின் பிற்பாதிச் சரிவுக்குக் காரணம் கண்டு அதைத் திருத்த முடிந்தால், புதிய பயிற்சி முறை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்றாகும். அவருடைய விலையும் ஏறும். 6.00-க்கு மேல் ஓட்டச் சராசரி வைத்த பிற்பாதி எல்லோர் கண்ணிலும் இருக்கும்போது விற்பது அவசரம் என்பது என் கருத்து.

ஒரு மகிழ்ச்சியான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் இரண்டாம் சுற்றில் எடுத்த டேலன் லைல், அறுவை சிகிச்சையால் 2022 முழுவதையும் இழந்தவர். இளம் ஆட்டக்காரர்களின் தரவரிசைப் பட்டியல்களில் அவர் பெயரை யாரும் மேலே வைக்கவில்லை. இந்த ஆண்டு மே மாதம் மேலே வந்து, 0.299 மட்டைச் சராசரியோடும் 11 ட்ரிபிள்களோடும் (ஒரே அடியில் மூன்றாம் தளம்வரை ஓடுவது) பருவத்தை முடித்தார். செப்டம்பர் மாதத்தில் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு எதிராகக் கூடுதல் இன்னிங்ஸில் அவர் நான்கு தளங்களையும் ஓடியே கடந்து அடித்த ஹோம் ரனை நான் இன்னும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய ஆர்.எஃப்.கே.

இந்த அணி 2005-இல் மான்ட்ரியாலிலிருந்து வந்த நாள்முதல் பார்க்கிறேன். இருவர் சொன்னதிலும் பாதிப் பாதி எனக்கு உடன்பாடு.

நம் அணியின் இரண்டு பழைய பேரங்களை நினைவுகூர்வது இங்கே பயன்படும். 2014 டிசம்பரில் மூன்று அணிகள் சேர்ந்த பேரத்தில் ஸ்டீவன் சூசாவைக் கொடுத்து, சான் டியேகோவிலிருந்து ட்ரே டர்னரையும் ஜோ ராஸையும் பெற்றோம். டிராஃப்டில் எடுத்தவரை ஓர் ஆண்டு முடியுமுன் மாற்றக்கூடாது என்ற விதி அப்போது இருந்ததால், டர்னர் யாருக்குப் போகப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தும் 2015 ஜூன் வரை சான் டியேகோவின் கிளை அணியிலேயே ஆடவேண்டியிருந்தது. அந்த அலங்கோலத்துக்குப் பிறகுதான் விதியைத் தளர்த்தினார்கள். 2016 டிசம்பரில் அதற்கு நேர்மாறானது நடந்தது. லூகஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோப்பஸ், டேன் டன்னிங் என்ற மூன்று இளம் பந்துவீச்சாளர்களைச் சிகாகோவுக்குக் கொடுத்து ஆடம் ஈட்டனை வாங்கினோம். ஜியோலிட்டோ 2020-இல் நோ-ஹிட்டர் (ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்) வீசியபோது பலர் கைபிசைந்தார்கள். ஆனால் 2019 உலகத் தொடரில் ஈட்டன் அடித்த இரண்டு ஹோம் ரன்கள் நம் கோப்பையில் இருக்கின்றன. அந்தப் பேரத்துக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

இன்று நாம் 2014-இல் இருந்த வலுவான நிலையில்கூட இல்லை. ஆகவே கோரைக் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எதைக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. ஓர் அணி வேறு அணிகள் எடுக்காதபடி பாதுகாத்து வைக்கும் நாற்பது பேர் பட்டியலை யாரும் இங்கே பேசவில்லை. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமான இளைஞரை ஐந்து பருவங்களுக்குள்ளும், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குள்ளும் அந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால், ரூல் 5 தேர்வில் வேறு அணி 100,000 டாலர் கட்டி அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அடுத்த பருவம் முழுவதும் அவரை மேல்நிலையில் ஆடும் 26 பேர் அணியிலேயே வைத்திருக்கவேண்டும் என்பதால் பலர் திரும்பி வந்துவிடுவார்கள். இருந்தாலும், மயாமியிடமிருந்து நசீம் நூன்யெஸை எடுத்த நாமே 2024 முழுவதும் அவரைத் தக்கவைத்தோம். எனவே கோருக்குப் பதிலாக ஐந்து பேரை வாங்கி, ஒரே நேரத்தில் ஐந்து பேரும் பட்டியலில் இடம் கேட்கும் வயதில் வந்தால், ஓரிரு ஆண்டுகளில் யாரையாவது சும்மா விட்டுக்கொடுக்க நேரும். அடுத்த ஆண்டே மேலே ஆடக்கூடிய ஒருவரும், 18, 19 வயதில் இருவரும் போதும். எண்ணிக்கை கூடுவதைவிட முதலில் வருகிறவர் உயர்ந்தவராக இருப்பதுதான் எனக்கு வேண்டும்.

இன்னொன்று. சோட்டோ பேரத்தின்போது வுட்டுக்கு 19 வயது. கீழ்நிலை அணி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தார். செய்திகள் எல்லாம் ஆப்ராம்ஸையும் கோரையும் முன்னிறுத்தின. இன்று 6 அடி 7 அங்குல உயரமுள்ள அந்தப் பையன்தான் 31 ஹோம் ரன்களோடு அணியின் நடுத்தூண். 221 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனதைப் பலர் குறைசொல்கிறார்கள், அது திருத்தவேண்டியதுதான். ஆனால் ஜூன் மாதம் ஒரே ஆட்டத்தில் நான்கு முறை எதிரணி அவரை வேண்டுமென்றே நடக்கவைத்தது, அதாவது அடிக்க வாய்ப்பே தராமல் முதல் தளத்தை விட்டுக்கொடுத்தது. 2004-இல் பேரி பாண்ட்ஸுக்குப் பிறகு யாருக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவர் 2030 வரை நம்மிடம் இருப்பார்.

பொடோமக் கரை

மூவருக்கும் நன்றி. பழைய ஆர்.எஃப்.கே. ஐயா சொன்ன வுட்டின் ஆண்டுக்கணக்கை வைத்து யோசித்தபோது என் நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. வுட்டும் லைலும், 17 வயதில் இந்த ஆண்டு முதல் தேர்வாக வந்த இலாய் வில்லிட்ஸும் ஒன்றாகக் களத்தில் நிற்கப்போகும் காலம் 2028-க்குப் பிறகுதான் என்றால், அந்தக் காலத்தில் கோர் நம்மிடம் இருக்கமாட்டார். இதை ஏற்றுக்கொள்வது கடினமாக இருந்தாலும், நாள்காட்டியை மறுக்க முடியவில்லை.

ஆனாலும் கிளை அணிப் பார்வையாளரின் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே ஏப்ரல், மே வரை அவரை வீசவிட்டுப் பார்த்து, முதல் பாதியில் பழையபடி வந்தால் ஜூலைச் சந்தையில் கொடுக்கலாம் என்பதே இப்போதைக்கு என் விருப்பம். அரைப் பருவத்தால் விலை எவ்வளவு இறங்கும் என்று இடக்கை விசிறி நினைக்கிறார்?

இடக்கை விசிறி

ஜூலையில் பிளேஆஃப் போட்டியில் இருக்கும் அணிகள் மட்டுமே வாங்க வரும். குளிர்காலத்திலோ ஏறத்தாழ எல்லா அணிகளும் தொடக்கப் பந்துவீச்சாளரைத் தேடும். நேரம் குறைவதைவிட வாங்குவோர் குறைவதுதான் எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது. அவர் மே மாதத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு களத்தை விட்டு நடந்தால் வாங்க ஒருவரும் இருக்கமாட்டார்கள். நான் டோபோனியின் இடத்தில் இருந்தால் காத்திருக்கமாட்டேன்.