17 அடி ஹைப்ரிட் ட்ரெய்லர் எடுக்கலாமோ? நாளைக் காலமைக்குள்ள சொல்லோணும், அவசரம்

ஈச்சமரம் | வியாழன் இரவு 9:12
எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோ ஸ்காபரோவில ஒருத்தர் தன்ர 17 அடி ஹைப்ரிட் ட்ரெய்லரை விக்கிறார். 2013 மொடல், 11,500 டொலர். சுவரும் கூரையும் கட்டி, ரெண்டு பக்கமும் கட்டில் வெளிய விரிஞ்சு கன்வஸ் துணி மூடுற வகை. போன வருசம் பைனரிப் பூங்காவில மூண்டு நாள் மழை, கூடாரத்துக்குள்ள எல்லாம் நனைஞ்சு போச்சு. பிள்ளையள் இனிக் கூடாரம் வேண்டாம் எண்டுதுகள். நாங்கள் ஆறு பேர். நாளைக்குக் காலமை 10 மணிக்கு முதல் 500 டொலர் முற்பணம் வேணுமாம். எங்கட வாகனம் டொயோட்டா ஹைலாண்டர், இழுக்கும்தானே? எடுக்கலாமோ?

லதாக்கா | 9:20
ஆறு பேரெண்டா ஆர் ஆர், பிள்ளையளுக்கு என்ன வயசு? எந்த மாதத்தில போவீங்கள்? மே மாதம் அல்கொன்குவின் பூங்காவில கன்வசுக்குள்ள படுக்கிறதும் ஜூலையில படுக்கிறதும் ஒண்டில்ல தங்கச்சி.

சில்லுக்காரன் | 9:24
முதல்ல டயரைப் பாருங்கோ. அதின்ர பக்கத்தில DOT எண்டு தொடங்கிற வரியில கடைசி நாலு இலக்கம். 1417 எண்டிருந்தா 2017ஆம் ஆண்டு 14ஆவது கிழமை செய்தது. ட்ரெய்லர் டயர் ஓடித் தேயிறதில்ல, நிண்ட இடத்திலயே பழசாகும். பாக்கப் புதுசு மாதிரித்தான் இருக்கும். எனக்கு பாரி நகர் தாண்டி 400ஆம் நெடுஞ்சாலையில வெடிச்சது. சில்லுக்கு மேல இருந்த தகடு கிழிஞ்சு, உள்ளுக்கு இருந்த தண்ணிக் குழாயையும் கொண்டு போச்சு. அஞ்சாறு வருசத்துக்கு மேலையெண்டா மாத்துற செலவை விலையில கழியுங்கோ.

நெடுஞ்சாலை400 | 9:31
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருக்கா வருது. ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் எழுதுறன். "ஹைலாண்டர்" எண்டு சொன்னாக் காணாது. எந்த ஆண்டு, என்ன எஞ்சின், ட்ரெய்லரைக் கொழுவிற ஹிட்ச் பூட்டியிருக்கோ, ட்ரெய்லர் பிரேக்கை வாகனத்துக்குள்ள இருந்து இயக்கிற பெட்டி, பிரேக் கொன்ட்ரோலர், இருக்கோ? ட்ரெய்லரின்ர முன் இடது பக்கத்தில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில உள்ள உச்ச எடை எவ்வளவு? விளம்பரத்தில போடுற வெற்று எடையைச் சொல்லாதேங்கோ. தண்ணி, காஸ், பற்றரி, பாத்திரம், போர்வை எல்லாம் ஏறினாப் பிறகு அந்த எடை இருக்காது. பதினாலு வருசமா இழுக்கிறன். ஒரு மணித்தியாலத்தில முடிவெடுக்கிற சாமான் இல்ல இது.

கோவைக்காரி | 9:40
நாங்க பிராம்ப்டன்ல இருக்கோம். இதே மாதிரி ஒண்ணு நாலு வருஷம் வச்சிருந்தோம். பகல்ல விசாலமா இருக்கும், டேபிளையும் ஒரு பெட் ஆக்கிக்கலாம், உள்ளயே டாய்லெட். குழந்தைங்களுக்கு நடுராத்திரி இருட்டுல நடக்க வேண்டாம், அது ஒண்ணே பெரிய நிம்மதி. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க. குளிர் ராத்திரியில கன்வஸ் உள்பக்கம் வேர்க்கும். ஆறு பேர் மூச்சு, அதோட உள்ள டீ போட்டா அந்த ஆவி. காலையில மெத்தையைத் தூக்கினா அடியில சொதசொதன்னு ஈரம். மேல வெண்ட்டை ரெண்டு விரல் அளவு திறந்தே வைக்கணும், மெத்தைக்கு அடியில காத்துப் போற மாதிரி ஒரு விரிப்பு போடணும்.
அதைவிடப் பெரிய வேலை வீட்டுக்கு வந்தப்புறம். ஞாயித்துக்கிழமை மழையில மடிச்சுட்டு வந்தா, திங்கட்கிழமையே திரும்ப விரிச்சுக் காயவைக்கணும். ரெண்டு மூணு நாள் விட்டா கரும்புள்ளி பூஞ்சை, அப்புறம் அந்த வாடை போகவே போகாது. உங்களுக்கு சொந்த டிரைவ்வே இருக்கா? சிட்டில ட்ரெய்லர் நிறுத்த விடுவாங்களா? இதை யாருமே கேக்கறதில்லை.

வன்னிமகன் | 9:44
கரடியை மறந்திட்டீங்கள். கன்வஸ் எண்டா கரடிக்குக் கடதாசி மாதிரி. அமெரிக்காவில யெலோஸ்ரோன் பூங்காவில பிஷிங் பிரிட்ஜ் எண்ட தளத்தில கன்வஸ் உள்ள எதையும் விடமாட்டினம், முழுக்கக் கட்டிச் சுவர் வேணும். அல்பேர்ட்டாவில லேக் லூயிசில கன்வஸ் ஆக்களுக்குத் தனித் தளம், சுத்திவர மின்சார வேலி.

நெடுஞ்சாலை400 | 9:47
அங்க கிரிஸ்லிக் கரடி. ஒன்ராறியோவில நாங்கள் போற பக்கங்களில கருங்கரடி மட்டும்தான். அல்கொன்குவினில சனம் சாதாரணக் கூடாரத்தில படுக்குது. கேட்டவவைக் குழப்பாதேங்கோ.

வன்னிமகன் | 9:50
கருங்கரடி மணத்துக்கு வராதோ? எங்கட சனம் தளத்தில ஆட்டுக்கறி காய்ச்சிப்போட்டுச் சட்டியைக் கழுவாமல் மேசையில விட்டுட்டுப் படுக்குது. நான் கண்ணால கண்டனான்.

லதாக்கா | 9:53
ஆட்டுக்கறி மட்டும் என்ன பாவம் செய்தது தம்பி? பக்கத்துத் தளத்தில பேக்கன் பொரிச்சவைக்கும் ரக்கூன் வந்தது. பற்பசை, சவர்க்காரம் எல்லாம் மணம்தான். சாப்பாடும் குப்பையும் வாகனத்துக்குள்ள பூட்டி வைக்கோணும், கன்வஸ் கட்டிலுக்குக் கிட்ட பிஸ்கட்டும் இருக்கப்படாது. எங்கட கறியைக் குற்றம் சொல்லத் தேவையில்ல.

வன்னிமகன் | 9:55
அக்கா, நான் கறியைச் சொல்லேல்ல, கழுவாத சட்டியைச் சொன்னனான்.

ஈச்சமரம் | 10:18
மன்னிக்கோணும், சின்னவளை நித்திரையாக்கிப்போட்டு வாறன். ட்ரெய்லர் ஸ்டிக்கரில உச்ச எடை 4,950 பவுண்ட். விளம்பரத்தில 3,890. வாகனம் 2019. ஹிட்ச் இருக்கு, பிரேக் பெட்டி இல்ல. நாங்கள் ரெண்டு பேர், பிள்ளையள் 13, 10, 5. அம்மாவுக்கு 71. வீட்டில டிரைவ்வே இருக்கு.

நெடுஞ்சாலை400 | 10:26
இப்பதான் கதைக்கலாம். பிரேக் கொன்ட்ரோலர் கட்டாயம். ஒன்ராறியோவில 1,360 கிலோவும் அதுக்கு மேலையும் எடையுள்ள ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் வேலை செய்யோணும், அது சட்டம். வெறும் பெற்றோலில ஓடுற V6 எஞ்சின் எண்டா ஹைலாண்டர் 5,000 பவுண்ட் இழுக்கும். ஆனா சனம் விழுற குழி அதில்ல. சாரதிக் கதவைத் திறந்து, தூணில ஒட்டியிருக்கிற மஞ்சள் ஸ்டிக்கரைப் பாருங்கோ. ஆக்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல கூடாது எண்டு போட்டிருக்கும். அந்த இலக்கத்தை எழுதுங்கோ.

ஈச்சமரம் | 10:33
560 கிலோ.

நெடுஞ்சாலை400 | 10:41
ட்ரெய்லரின்ர மூக்கு உங்கட ஹிட்சில இறக்கிற பாரமும் அந்த 560க்குள்ளதான் வரும். மொத்த எடையில 10 தொடக்கம் 15 வீதம் இறங்கோணும். குறைஞ்சா வேகத்தில வால் ஆட்டும். 4,950இல 12 வீதம் 594 பவுண்ட், கிட்டத்தட்ட 270 கிலோ. நீங்கள் ஆறு பேரும் 300 கிலோ எண்டு வைப்பம். 570 ஆச்சு. இன்னும் ஒரு பையும் ஏத்தேல்ல, ஐஸ் பெட்டி ஏத்தேல்ல. கணக்கு முடிஞ்சுது.

மச்சான்_ஓட்டாவா | 10:49
அண்ணை சும்மா பயப்பிடுத்திறார். என்ர மச்சான் இதே ஹைலாண்டரில இதைவிடப் பெரிசு இழுக்கிறார், மூண்டு வருசமா ஒண்டும் நடக்கேல்ல.

சில்லுக்காரன் | 10:52
வெடிக்கிறதுக்கு முதல் நாள் வரைக்கும் என்ர டயருக்கும் ஒண்டும் நடக்கேல்ல.

புதுசு_ஏஜாக்ஸ் | 11:02
நான் புதுசு, பிழையெண்டா மன்னியுங்கோ. ஈச்சமரம் அக்கா, வாகனமும் ஹைப்ரிடோ, பெற்றோலும் பற்றரியும் சேந்து ஓடுறதோ? எல்லாரும் ட்ரெய்லர் ஹைப்ரிட் எண்டதோடையே நிக்கினம். ஒரு ஹைலாண்டர் ஹைப்ரிட் எங்களிட்டையும் நிண்டது. அது 5,000 இழுக்காது. கையேட்டில 3,500 பவுண்ட்தான் போட்டிருந்தது.

ஈச்சமரம் | 11:06
ஓம், ஹைப்ரிட்தான். அது முக்கியம் எண்டு தெரியேல்ல.

நெடுஞ்சாலை400 | 11:11
அதை நான் முதலே கேட்டிருக்கோணும். எஞ்சின் என்ன எண்டு கேட்டுப்போட்டு, பதில் வராமலே வெறும் பெற்றோல் V6 எண்டு வைச்சுக் கணக்குப் போட்டிட்டன். புதுசு சொல்லுறது சரி. 3,500 எண்டா இந்த ட்ரெய்லர் வெறுமையா நிண்டாலே கூட. முற்பணம் குடுக்காதேங்கோ.

கோவைக்காரி | 11:15
மடிச்சு விரிக்கிற டென்ட் ட்ரெய்லர்ல 3,500க்குள்ள அடங்கறது நிறைய இருக்கு. ஆனா அதுல பாதிக்கு மேல கன்வஸ்தான். அம்மாவுக்கு 71ன்னா, ஹைப்ரிட் ட்ரெய்லரா இருந்தாலும் அந்த மேல் கட்டில்ல ஏறுவாங்களா? இடுப்பு உயரத்துக்கு மேல இருக்கும்.

ஈச்சமரம் | 11:29
அதைத்தான் இவ்வளவு நேரமும் எழுதாமல் விட்டிட்டன். அம்மா ஏறுவா, கால் நல்லா இருக்கு. 2009இல வவுனியாவில, போரில இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில ஏழு மாதம் இருந்தவ. போன வருசமும் பைனரிக்கு வரேல்ல. "தறப்பாளுக்குள்ள படுத்தது எனக்குக் காணும், நீங்கள் போயிட்டு வாங்கோ" எண்டு சொல்லிப்போட்டா. கட்டிச் சுவர் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டுதான் இதைப் பாத்தனான்.

லதாக்கா | 11:36
பிள்ளை, இதைத்தான் நீங்கள் முதல் எழுதியிருக்கோணும். கட்டில் விரியிற இடம் முழுக்கக் கன்வஸ்தான். மழை பெய்தா அதே சத்தம். அம்மாவை நடு மேசைக் கட்டிலில படுக்க வைச்சாலும் சத்தம் கேக்கும். எங்கட அம்மாவுக்கும் அப்பிடித்தான், விடிய விடியக் குந்திக்கொண்டு இருந்தவ. ட்ரெய்லரை விடுங்கோ. அரோஹெட், கில்லார்னி மாதிரி மாகாணப் பூங்காக்களில மரக் கபின் இருக்கு. யுர்ட் எண்ட வட்டக் கூடாரமும் இருக்கு, ஆனா அதுக்குச் சுவர் துணி, எடுக்காதேங்கோ. ஒரு கபினில எத்தனை பேர் படுக்கலாம் எண்டதையும் பாருங்கோ. அஞ்சு மாதத்துக்கு முதலே, விடிய 7 மணிக்கு முன்பதிவு திறந்த உடன போயிடும். இப்ப ஆரும் வேண்டாமெண்டு விட்டதைத்தான் பிடிக்கலாம், ஒரு நாளைக்கு நாலு தரம் பாருங்கோ.

வன்னிமகன் | 11:40
நானும் மெனிக் பாம்தான், வலயம் 2. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்கோ.

மச்சான்_ஓட்டாவா | வெள்ளி காலை 7:05
பெரிய வாகனமா மாத்தினா எல்லாம் சரிவரும்தானே? இப்ப பழைய டகோமா பிக்கப் நல்ல விலைக்குப் போகுது.

நெடுஞ்சாலை400 | 7:30
தம்பி, கேட்டவவின்ர பிரச்சினை இப்ப வாகனம் இல்ல.

ஈச்சமரம் | வெள்ளி மாலை 6:48
முற்பணம் குடுக்கேல்ல. அரோஹெட்டில செப்டெம்பரில ரெண்டு இரவு ஒரு கபின் கிடைச்சிருக்கு, மத்தியானம் ஆரோ விட்டது. அம்மாவும் நானும் சின்னனுகளும் கபினில, மனுசனும் மூத்தவனும் வேற தளத்தில கூடாரம். அம்மாவுக்குப் படத்தைக் காட்டினன். கதவுக்குப் பூட்டு இருக்கோ எண்டு கேட்டா, இருக்கு எண்டனான். வாறாவாம். எல்லாருக்கும் நன்றி.

புதுசு_ஏஜாக்ஸ் | 7:10
சந்தோசம் அக்கா. அந்த ட்ரெய்லர் இன்னும் நிக்குதோ? எங்களிட்ட இப்ப பிக்கப் இருக்கு.

நெடுஞ்சாலை400 | 7:22
போய்ப் பாக்கிறதெண்டா கூரை மூலையளையும் கட்டில் மடியிற ஓரத்தையும் கையால அமத்திப் பாருங்கோ, மெத்தெண்டு இருந்தா உள்ளுக்குப் பலகை ஊறிப்போச்சு. என்னட்ட ஈரமானி இருக்கு. மார்க்கம் நகருக்கு வந்து வாங்கிக்கொண்டு போகலாம்.