அமைன் பிளஷ்: தமிழில் எந்தச் சொல்?

*செந்தூலிலிருந்து*

வணக்கம். ஃபைபர் (கண்ணாடியிழை) வேலைக்காக நாம் தமிழில் எழுதும் சாயக் கையேட்டில் பிரைமருக்கு 'பிடிபூச்சு' என்றும், பள்ளம் நிரப்பும் தடித்த பிரைமருக்கு 'நிரப்புபூச்சு' என்றும் போன வாரம் முடிவு செய்தோம். மிச்சம் இருப்பது 'அமைன் பிளஷ்'. 'பிளஷ்' என்றால் வெட்கத்தில் சிவப்பது என்று அகராதியைப் புரட்டி யாரோ 'அமைன் நாணம்' என்று எழுதி வைத்திருக்கிறார். பிசினுக்கு ஏன் வெட்கம் வந்தது என்று வாசிப்பவன் யோசிப்பான்.

பொருள் இதுதான். எப்போக்சி என்பது இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்; அதை இறுக வைக்கும் திரவமான ஹார்டனரில் அமைன் என்ற வேதிப்பொருள் உண்டு. பிசின் இறுகும் நேரத்தில் மேற்பரப்பில் மிஞ்சி நிற்கும் அமைன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து கார்பமேட் ஆகிறது. தொட்டால் மெழுகு தடவிய வழவழப்பு. சில நேரம் மங்கலாகத் தெரியும், பல நேரம் கண்ணில் படாது. அதன்மேல் அடித்த பிடிபூச்சு பிசினைப் பிடிக்காமல் மெழுகைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு ஏடு ஏடாக உரிந்து வரும்போது பழி பிரைமர் டப்பாமேல் விழுகிறது.

'அமைன் படலம்' என்று வைத்துவிடலாமா?

*பாயான் லெப்பாஸிலிருந்து*

> அமைன் படலம்

சாயமும் படலம்தான், வார்னிஷும் படலம்தான். இந்தச் சொல்லைப் படிக்கிற பட்டறைப் பையன் உடனே என்ன செய்வான்? துணியில் தின்னரை நனைத்துத் துடைப்பான். அங்கேதான் வேலை கெடுகிறது. கார்பமேட் தண்ணீரில் கரையும். தின்னர் அதைச் சரியாகக் கரைக்காது, இழுத்துப் பரப்பிவிடும். நேரே உப்புத்தாள் போட்டாலும் கெடுதல்தான்: தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மெழுகு கீறல்களுக்குள் அமுங்கிப்போகும்.

சரியான வரிசை: முதலில் சுத்தமான தண்ணீரும் ஸ்காட்ச்பிரைட்டும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் தானாகக் காயுமுன் வெள்ளைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்தது அங்கேயே மறுபடி படியும். பிறகு 80 நம்பர் உப்புத்தாள், பளபளப்பு எங்கும் மிஞ்சாமல் போகும்வரை. கடைசியில் மேலே தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் அது ஒரே விரிப்பாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் திரும்பவும் கழுவுங்கள்.

தின்னரை விட்டுத் தண்ணீரை எடு என்று சொல்லே சொன்னால் நல்லது. ஈரச் சுவரில் வெள்ளையாகக் கிளம்புவதை 'உப்புப் பூத்திருக்கிறது' என்கிறோமே, இதுவும் அப்படித்தான் மேலே கிளம்புகிறது. 'அமைன் பூப்பு' என் பரிந்துரை.

*செந்தூலிலிருந்து*

அண்ணே, 'பூப்பு' என்றதும் தாய்க்குலம் மஞ்சள் நீராட்டுக்குத் தேதி பார்க்கும். 'பூஞ்சணம்' பக்கம் போனால் பூசணக்கொல்லி வாங்கி அடிப்பார்கள். 'பூத்தல்' என்ற தொழிற்பெயரே போதும். கார்பமேட்டும் வேதியியல்படி உப்பு வகைதான், அதனால் 'உப்பு' என்பது இங்கே உவமையாகக்கூட இல்லை. 'அமைன் உப்புப்பூத்தல்' என்று முழுதாகச் சொல்லலாம், பேச்சில் 'உப்புப்பூத்தல்' போதும்.

*பட்டர்வொர்த்திலிருந்து*

ஒரு தடை. இங்கே படகு வேலைதான் அதிகம். உப்பு என்றால் கடல் உப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்துக்கொள்ளட்டுமே என்றும் தோன்றுகிறது, இரண்டுக்கும் மருந்து தண்ணீர்தான். ஆனால் கடல் உப்பு ஹோஸ் பிடித்தாலே போய்விடும், இது தேய்க்காமல் போகாது. ஆகவே சொல்லோடு 'தேய்த்துக் கழுவு' என்ற குறிப்பும் போகட்டும்.

இன்னொன்று, ஒன்றன்மேல் ஒன்று பிடிக்காத பூச்சுகளுக்குக் கையேட்டில் 'ஒவ்வாப் பூச்சு' என்று ஒரு தலைப்பு பார்த்தேன். அதை மாற்றுங்கள். 'ஒவ்வாமை' என்றால் இன்று எல்லாருக்கும் அலர்ஜிதான். எப்போக்சி ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு நிஜமான ஒவ்வாமையே வரும் என்பதால், கையுறைப் பக்கத்தில் அந்தச் சொல் நமக்கு வேண்டும். பூச்சுக்கு 'சேராப் பூச்சு', 'சேரும் பூச்சு' என்று எளிமையாகப் போகலாம். 'பொருத்தம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பத்துப் பொருத்தம் பார்க்க நமக்கு நேரமில்லை, இரண்டு மூன்று பார்த்தால் போதும்.

எது சேரும் என்பதையும் அந்தத் தலைப்பின் கீழே தெளிவாக எழுத வேண்டும். நன்றாக இறுகிய எப்போக்சிமேல் 'இரண்டு டப்பா' (ஹார்டனர் கலந்து அடிக்கும்) எப்போக்சி பிரைமரும், அதன்மேல் இரண்டு டப்பா பாலியூரிதேனும் நன்றாகச் சேரும். 'ஒரு டப்பா' (எதையும் கலக்காமல் அடிக்கும்) எண்ணெய்ச் சாயம், எனாமல் வகை, பல நேரம் காயாமல் பிசுபிசுத்தே கிடக்கும், ஏனென்றால் மிஞ்சிய அமைன் அது காய்வதைத் தடுக்கிறது. பாலியஸ்டர் ஜெல்கோட்டும் (படகின் வெளிப்பூச்சு) பாலியஸ்டர் வகைக் கார் புட்டியும் அதே காரணத்தால் எப்போக்சியைத் தொடும் இடத்தில் இறுகாமல் நிற்கக்கூடும். மேலே கல்போல் இருக்கும், அடியில் பசை. பள்ளம் நிரப்ப எப்போக்சியிலேயே மைக்ரோபலூன் (நுண்ணிய வெற்றுக் குமிழ்த் தூள்) கலந்து இழுப்பதுதான் வழி. ஆனால் இறுகிய பாலியஸ்டர் படகை எப்போக்சியால் ஒட்டலாம், பிடிக்கும். தலைகீழாகச் செய்யும்போதுதான் தகராறு. உலோகத்துக்கான அமில எட்ச் பிரைமருக்கு ஃபைபரில் வேலையே இல்லை.

பாலியூரிதேன் பக்கத்தில், அதன் ஹார்டனரிலுள்ள மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் பற்றிய எச்சரிக்கை கொட்டை எழுத்தில் வேண்டும். ஸ்பிரே அடிப்பவருக்கு வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி வேண்டும், துணி மாஸ்க் உதவாது.

*பாயான் லெப்பாஸிலிருந்து*

'சேராப் பூச்சு' நன்று. காவடிக்கும் அலங்கார ரதத்துக்கும் பொலிஸ்டைரீன் நுரையைச் செதுக்குகிறவர்களுக்கும் அது புரியும். பாலியஸ்டர் பிசினில் உள்ள ஸ்டைரீன் அந்த நுரையைக் கரைக்கும், எப்போக்சி கரைக்காது. ஆனால் எப்போக்சித் தோலில் ஊசித்துளை அளவு விட்டாலும் ஸ்பிரே சாயத்தின் தின்னர் உள்ளே இறங்கி நுரையைத் தின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, அழுத்தினால் பொந்து.

இன்னும் ஒரு சொல் வேண்டும். எப்போக்சி முழுதும் இறுகுமுன், நகம் பதியும் ஆனால் விரலில் ஒட்டாது என்ற நிலையில் அடுத்த எப்போக்சி கோட் போட்டால் இரண்டும் வேதி முறையில் ஒன்றாகிவிடும். அந்த நேரம் கடந்தபின் உப்புத்தாள் போட்ட கீறல்தான் பிடிப்பு. முதலாவதை 'பச்சை ஒட்டு', இரண்டாவதை 'கீறல் பிடிப்பு' எனலாமா? அறையில் சுடாமல் இறுகவிட்ட பிசினுக்குச் சாயம் அடிக்குமுன் ஒரு வாரம் விடுவது நல்லது. பாதி இறுகியதில் தின்னர் இறங்கினால் மேற்பரப்பு சுருங்கும்.

*செந்தூலிலிருந்து*

இரண்டையும் எடுத்துக்கொண்டேன். கிடைக்கிற இடத்தில் இரண்டு கணக்கும் சேர்த்திருக்கிறேன்.

ஈரம்: 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், ஏறக்குறைய 26 டிகிரி. சாயம் அடிக்கும் மேற்பரப்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக, அதாவது 29க்கு மேல் இருக்க வேண்டும். ஏர்கோன் அறையில் வைத்திருந்த பாகத்தை வெளியே எடுத்த உடனே அடித்தால் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின் மேல் அடிக்கிறோம்.

அளவு: சாயத்தில் கன அளவில் பாதி திடப்பொருள் என்றால், காய்ந்த தடிமன் 50 மைக்ரான் வர 1 லிட்டர் கணக்குப்படி 10 சதுர மீட்டருக்கு வரும். ஸ்பிரேயில் பறப்பதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பதிவு இப்படி நிற்கிறது:

அமைன் உப்புப்பூத்தல் – எப்போக்சி இறுகும்போது ஹார்டனரின் அமைன், ஈரமும் கரியமில வாயுவும் பட்டு மேற்பரப்பில் மெழுகுபோல் கிளம்பும் உப்பு. தின்னர் கூடாது. தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒற்றி, பிறகே உப்புத்தாள்.

*பட்டர்வொர்த்திலிருந்து*

டப்பாவில் 'பிளஷ் வராது' என்று எழுதி விற்கும் ஹார்டனருக்கு 'பூக்காத ஹார்டனர்' என்று தானாகவே அமைந்துவிட்டது பாருங்கள். அதையும் சேர்த்துவிடுங்கள். பக்கத்திலேயே, மழை நாளில் அதையும் ஒருமுறை கழுவச் சொல்லுங்கள்.