பாய்லர்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு

செந்தூல் சொந்தங்களே, வணக்கம்.

போன சனிக்கிழமை கொமுட்டர் ரயிலில் வந்து கோலாலம்பூர் செந்தூலில் இறங்கினேன். சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர நம் அப்பாமார் சைக்கிளை மிதித்த வழியில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ரயில் எஞ்சின்களைப் பழுதுபார்த்த ஒர்க்‌ஷாப் பேராக்கிலுள்ள பத்து காஜாவுக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது.

கோலாலம்பூர் ரயில் சரித்திரம் என்றால் 1910இல் திறந்த பெரிய ஸ்டேஷனையும் கட்டடக் கலைஞர் ஹப்பக் வரைந்த மாடங்களையும்தான் எல்லோரும் படம் போடுகிறார்கள். அழகான கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே வந்து நின்ற எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியது செந்தூல். உச்சகாலத்தில் ஏறக்குறைய 5,000 பேர் வேலை செய்த இடம் அது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கிராணியாகவும் (குமாஸ்தாவாகவும்) ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தார்கள். அவர்கள் எழுதத் தெரிந்தவர்கள், எழுதியும் வைத்தார்கள். சுத்தியல் பிடித்தவர்களைப் பற்றித்தான் ஏட்டில் ஒன்றுமில்லை.

என் அப்பா நீராவி எஞ்சின்களின் பாய்லர் பிரிவு. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் துளையில் போட்டதும், பாய்லருக்குள் ஒருவர் குந்தியபடி இரும்பை முட்டுக் கொடுத்துப் பிடிப்பார். வெளியே நிற்பவர் அடிப்பார். அந்த இரும்புக் கூட்டுக்குள் விழும் அடி காதைப் பிளக்கும். அடித்து முடித்ததைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்லது, சப்பென்று கேட்டால் கோளாறு. அந்த வித்தியாசம் தெரிந்த காதுதான் நாற்பது வயதில் செவிடானது. பாய்லர்காரர் வீடுகளில் நாம் எல்லோரும் கத்திப் பேசிப் பழகியது அதனால்தான். அம்மா சோறு ஆயிற்று என்பதைக்கூடக் கையால்தான் சொல்வார். இன்றும் போனில் நான் கத்துவதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

1957இல் நெடுந்தூர ரயில்களை இழுக்கும் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. பாய்லர் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்பா கடைசி வருஷங்களில் வேறு பிரிவில் இருந்தார். அதைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை.

பெர்த்திலும் லண்டனிலும் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழைய குரூப் போட்டோ இருந்தால் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். பெயர் எழுதியிருப்பது அங்கேதான். எந்தப் பிரிவு, எந்தக் குவார்ட்டர்ஸ் என்று தெரிந்தால் சேர்த்து எழுதுங்கள். 1945இல் போரின்போது அமெரிக்க பி-29 விமானங்கள் செந்தூல் மேல் குண்டு போட்டதைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்கள், அரைகுறையாக நினைவிருந்தாலும் எழுதுங்கள். உள்ளே குந்தி முட்டுக் கொடுப்பவரை அப்பா ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்கு அது மறந்துவிட்டது. பாய்லர்காரர் பிள்ளைகள் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?