வீட்டுக் குழு: அக்டோபர் 30, 2024, மாலை

கௌரி (7:05): நாளை தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வருகின்றன. எனக்கு ஆறு மணி வரை அலுவலகம் இருப்பதால், மிட்டாய் வாங்கப் பிள்ளைகளைத் தெருவில் வீடு வீடாக அழைத்துப் போவது யார் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

மூர்த்தி பெரியப்பா (7:09): நியூ ஜெர்சியில் நம் எடிசன் ஊரில் நாளை ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். 1975 முதல் 2016 வரையிலான அமெரிக்கச் சாலை விபத்துப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், ஹாலோவீன் மாலையில் வண்டி மோதி இறக்கும் பாதசாரிகள், அதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும்.

சுந்தர் (7:10): ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள், பெரியப்பா?

லலிதா பெரியம்மா (7:11): சின்னவனின் வௌவால் உடை தலை முதல் கால் வரை கறுப்பாக இருக்கிறதே, கௌரி.

கௌரி (7:12): முதுகில் ஒளிரும் நாடா ஒட்டியிருக்கிறேன், பெரியம்மா. எந்த வௌவாலுக்கு நாடா இருக்கிறது என்று கேட்டு அழுகிறான்.

மூர்த்தி பெரியப்பா (7:16): எனக்கு அந்த இறக்கையைப் பற்றித்தான் கவலை. இந்த ஆண்டு நம் தெருவில் பாதி வீடுகளின் வாசற்படிகளில் அகல் வரிசை இருக்கும். மிட்டாய்க் கிண்ணத்தை எட்டிப் பார்க்கக் குழந்தை குனியும்போது, பின்னால் தொங்கும் நைலான் துணி சுடரிலிருந்து நான்கு விரல்கடை தூரத்தில்தான் இருக்கும். நாமாவது அகலை ஜன்னல் மேடைக்கு ஏற்றிவிட்டு, படியில் பேட்டரி விளக்கு வைப்போம்.

கும்பகோணம் பாட்டி (7:18): இங்கே விடியற்காலை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நம் வீட்டில் அகல் வரிசை கார்த்திகைக்குத்தானே, தீபாவளிக்கு எப்போது வந்தது?

லலிதா பெரியம்மா (7:19): அக்கம்பக்கத்தில் எல்லோரும் குஜராத்திகள், அத்தை. நம் வாசல் மட்டும் இருட்டாக இருக்கலாமா?

சுந்தர் (7:20): ஆகாச வாணத்தைச் சாய்த்து வைத்துத் தாத்தாவின் வேட்டியைப் பொசுக்கியவர் தீப் பாதுகாப்பு பேசுகிறார்.

மூர்த்தி பெரியப்பா (7:20): சாய்த்தவன் உன் அப்பன்.

கும்பகோணம் பாட்டி (7:22): அந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டாம். அங்கே மிட்டாயில் விஷம் வைக்கிறார்களாமே, வீடியோ வந்தது.

மூர்த்தி பெரியப்பா (7:27): அம்மா, டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல்லாண்டுகளாகத் தேடியும், முன்பின் தெரியாதவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயின் விஷத்தால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் எதையும் காணவில்லை. 1974-இல் டெக்சஸில் சயனைடு கலந்து கொடுத்தவன் குழந்தையைப் பெற்ற தகப்பனேதான். நம் குழந்தை நிலாவுக்கு வேர்க்கடலை ஆகாது என்பதுதான் நம் வீட்டு ஆபத்து; ஸ்னிக்கர்ஸ், ரீசஸ் மிட்டாய்கள் இரண்டிலும் கடலை உண்டு. வழியில் எதையும் வாயில் போடாமல், வீட்டுக்கு வந்து உறையைப் படித்த பிறகே சாப்பிட வேண்டும். நீலப்பச்சைப் பூசணி வைத்த வாசலில் தின்பண்டம் அல்லாத பொம்மை, பென்சில் கிடைக்கும். அங்கே முதலில் போகட்டும்.

கௌரி (7:28): அவளுடைய ஒவ்வாமை ஊசி எபிபென் சிவப்புப் பையில் இருக்கிறது. பையை யார் தூக்குவார்கள் என்றுதான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

சுந்தர் (7:30): ஐந்தரைக்குள் வந்துவிட முயல்கிறேன்.

லலிதா பெரியம்மா (7:30): இவன் முயல்வதாகச் சொன்னால் ஏழு மணி ஆகும்.

மூர்த்தி பெரியப்பா (7:31): நான் ஐந்து மணிக்கு டார்ச்சுடன் வாசலில் நிற்பேன்.

கௌரி (7:32): உங்கள் முழங்காலுக்கு எத்தனை வீட்டுப் படி தாங்கும், பெரியப்பா?

மூர்த்தி பெரியப்பா (7:40): நம் வரிசையில் மட்டும் போவோம். சாலையைக் கடக்கச் சுந்தர் வரட்டும்.